செருப்பப் பாத்துட்டாவ... கடவுள்கிட்ட இருந்து ஒளிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

#1 உப்பளக்காத்து | திங்கள், இரவு 11.52

ரொம்ப நாளா இங்க வாசிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் மொத இழை தொறக்கேன். நீளமா இருக்கும், டீய வச்சுக்கிட்டு வாசிங்க.

எனக்கு தூத்துக்குடி பக்கம். தாத்தா காலத்துல இருந்து சிஎஸ்ஐ கிறிஸ்தவங்க. எங்க பக்கம் பாஸ்டர ஐயர்னுதான் சொல்லுவோம், மத்த ஊர்க்காரங்க குழம்பிராதீங்க. போன வருச அசனத்துக்கு, அதான் கோயில்ல எல்லாருக்கும் போடுற சாப்பாடு, வாலிபர் சங்கத்துல வசூல் பண்ணுன காசு என் கையில இருந்துச்சு, நாந்தான் பொருளாளர். அதுல 18,000 ரூவாய எடுத்து வண்டி டியூ கட்டிட்டேன். மூணு மாசம் டியூ நின்னு போயி வசூல்காரன் வாசல்ல வந்து சத்தம் போட்டான், அம்மா கதவச் சாத்திட்டு அழுதாவ, அன்னைக்கு சாயங்காலமே எடுத்தேன். அடுத்த மாசம் வச்சிரலாம்னுதான் எடுத்தேன், எல்லாவனும் அப்படி நெனச்சுத்தான எடுக்கான். வைக்க முடியல. கணக்கு ஒப்படைக்கும்போது அரிசி பில்லுல கொஞ்சம் கூட்டிப் போட்டு, விறகுன்னு ஒரு பில்லு எழுதி, நேர் பண்ணிட்டேன். ஒருத்தரும் கேக்கல. கைதட்டி நன்றி வேற சொன்னாவ.

அந்தக் கைதட்டுக்கு அப்புறம் கோயிலுக்குப் போக முடியல. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் மணி அடிக்கும்போது பைக்க எடுத்துட்டு ஹார்பர் பக்கம் போயிருவேன், அம்மாட்ட ஷிப்டுன்னு பொய். ஜெபம் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்ன கண்ண மூடுற பழக்கத்தக்கூட விட்டுட்டேன், மூடுனா அங்க ஒருத்தர் உக்காந்திருக்காப்ல இருக்கும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்தாவ. கேட் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன், அங்கி இல்ல, சாதா சட்டதான், கையில குடை. நான் ஒரே ஓட்டமா மாடி ஏறி சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால குத்தவச்சு உக்காந்துட்டேன். 34 வயசு எனக்கு. டேங்க்ல ஒழுகுற தண்ணி பேண்ட்ட நனைக்கு, ஒரு பல்லி என்னயே பாக்கு. கீழ அம்மா "அவன் வெளிய போயிருக்கானய்யா"ங்காவ. பைக் வாசல்லயே நிக்கு. என் செருப்பு படிக்குக் கீழ கெடக்கு. இடது செருப்புல வாரு அந்துபோயி ஊக்கு குத்தி வச்சிருக்கேன், தெருவுல அது யார் செருப்புன்னு தெரியாத ஆள் கெடையாது.

ஐயர் ஒண்ணும் கேக்கல. காப்பி குடிச்சாவ, ஜெபம் பண்ணுனாவ, "சும்மாதான் வந்தேன்னு சொல்லுங்கம்மா"ன்னுட்டு கெளம்புனாவ. தூறல் போட ஆரம்பிச்சிருச்சு. மேல இருந்து பாக்கேன், படி எறங்குனவுக குனிஞ்சு என் செருப்பு ரெண்டையும் எடுத்து நனையாம திண்ணை ஓரமா வச்சிட்டுப் போறாவ. மாடிப்பக்கம் நிமிந்துகூட பாக்கல.

அதுல இருந்து தூக்கம் வரல. ஓய்வுநாள் பள்ளில ஆதியாகமம் 3, ஆதாமும் ஏவாளும் பழத்தத் தின்னுட்டு கடவுளுக்கு ஒளிஞ்ச கதைய நடத்தும்போது எங்க டீச்சர் "நீ எங்கே இருக்கிறாய்"ங்கிறத லத்தியத் தட்டுற போலீஸ் மாதிரி சொல்லிக் குடுப்பாவ. இருபத்தஞ்சு வருசமா அந்தச் சத்தத்துலதான் அது என் காதுல விழுந்திருக்கு. அதே கேள்விய வேற சத்தத்துல கேட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. "பாவத்தை அறிக்கை செய் தம்பி"ன்னு ஒத்த வரில போடுறவங்க தயவுசெஞ்சு போடாதீங்க, அது எனக்கே தெரியும்.

#2 கேள்விக்குறி | செவ்வாய், அதிகாலை 12.20

பல்லி சூப்பர் ப்ரோ. நல்லா எழுதிருக்கீங்க. ஆனா ஒரு சந்தேகம், கோச்சுக்காதீங்க, எனக்கு கடவுள் நம்பிக்கை கெடையாது.

செருப்ப எடுத்து வச்சது ஒரு நல்ல மனுஷன். கிரெடிட் ஏன் மேல போகுது? ரெண்டாவது, விடாம தேடி வர்றதுக்குப் பேரு அன்புன்னா, எங்க ஏரியால ஒருத்தன் ஒரு பொண்ண ரெண்டு வருஷம் விடாம தேடித் தேடிப் போனான், அதுக்கு ஸ்டேஷன்ல வேற பேரு வச்சு எஃப்ஐஆர் போட்டாங்க. எங்க போனாலும் பாத்துக்கிட்டே இருக்கிறது லவ்வா சிசிடிவியா? நிஜமாவே கேக்குறேன், வம்புக்கு இல்ல.

#3 பாதியில நின்னவன் | செவ்வாய், காலை 7.05

ரெண்டு வருஷம் இறையியல் கல்லூரில படிச்சிட்டு பாதியில வெளிய வந்தவன் நான், இப்ப மெடிக்கல் ரெப். எபிரேயம் கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு, அத வச்சு சொல்றேன்.

"நீ எங்கே இருக்கிறாய்"ங்கிறது எபிரேயத்துல ஒரே வார்த்தை, அயெக்கா. எந்தச் சத்தத்துல கேட்டாருன்னு மூலத்துல எழுதல, அது வாசிக்கிறவன் போடுற சத்தம். ஆனா முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தா ஒரு ஐடியா கெடைக்கும். முந்தின வசனத்துல அவர் "பகலில் குளிர்ச்சியான வேளையிலே" தோட்டத்துல உலாவிக்கிட்டு வர்றாரு. புடிக்க வர்றவன் உலாவ மாட்டான். அவங்க எங்க இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும், கேள்வி தகவலுக்காக இல்ல, அவங்களே வாயத் தொறக்கட்டும்னு.

தண்டனை இல்லன்னு சொல்ல வரல. முள்ளு, வேர்வை, தோட்டத்த விட்டு வெளிய, எல்லாம் இருக்கு. ஆனா வெளிய அனுப்புறதுக்கு முன்னால 21ஆம் வசனத்த நம்ம ஆளுங்க வேகமாத் தாண்டிருவாங்க, அவங்க அத்தி இலையத் தச்சு அரைகுறையா கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அவர் தோல்ல உடுப்பு பண்ணி போட்டுவிட்டுத்தான் அனுப்புறாரு. அந்த செருப்பு மேட்டர் வாசிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

@கேள்விக்குறி உங்களுக்கு ஒரு ஆயுதம் நானே தர்றேன். சங்கீதம் 23 கடைசி வசனம், நன்மையும் கிருபையும் "என்னைத் தொடரும்"னு தமிழ்ல சாதுவா போட்ருக்கோம். அங்க எபிரேயத்துல இருக்கிற வினைச்சொல் ராதஃப், அதுக்கு அர்த்தம் துரத்துறது. யாத்திராகமம் 14ல பார்வோன் ரதத்தோட இஸ்ரவேலரத் துரத்துறான் பாருங்க, அங்கயும் இதே சொல்லுதான். ஆக கிருபை நாய்க்குட்டி மாதிரி பின்னாடி வரல, வெரட்டிக்கிட்டு வருது.

#4 கேள்விக்குறி | செவ்வாய், காலை 9.31

தேங்க்ஸ், என் கேஸ நீங்களே ஸ்ட்ராங் ஆக்கிட்டீங்க 😄

வெரட்டுறதுன்னே எழுதிருக்குன்னா அப்ப மனுஷனுக்கு மூச்சு விட எடம் எங்க? நான் பைபிள் முழுசா படிச்சதில்ல, ஆனா யோபு படிச்சிருக்கேன், காலேஜ்ல ஒரு ஃப்ரெண்டு குடுத்தான். அதுல ஏழாவது அதிகாரத்துல அந்த ஆள் கதர்றான், நான் எச்சி முழுங்குற நேரமாச்சும் என்ன விட்டு வேற பக்கம் பாக்க மாட்டியான்னு. அந்த ஆள்கிட்ட போயி "அது அன்புப்பா"ன்னு யார் சொல்றது?

#5 வெண்ணெய்நல்லூரான் | செவ்வாய், மதியம் 1.15

வணக்கம். நான் சைவன், இந்த இழைல நுழையலாமான்னு யோசிச்சேன், ஆனா கேள்விக்குறி "கேஸ்"னு ஒரு வார்த்தை போட்டாரே, அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. ஏன்னா எங்க ஊர்ல கடவுள் நெஜமாவே கேஸ் போட்ருக்காரு.

சுந்தரர் கதை. புத்தூர்ல கல்யாணம், பந்தல் போட்டு மாப்ள உக்காந்தாச்சு. குடைய ஊனிக்கிட்டு ஒரு கெழவர் வர்றாரு, "இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தன் எழுதிக் குடுத்த ஓலை இருக்கு"ன்றாரு. ஒரு அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாறது எங்கயாச்சும் உண்டா, நீ பித்தனான்னு மாப்ள கத்துறாரு. ஓலையப் புடுங்கி கிழிச்சே போட்டுட்டாரு. கெழவர் அசரல, நீ கிழிச்சது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ல இருக்கு வான்னு சொல்லிட்டாரு. அங்க சபை கூடி, பாட்டன் கையெழுத்த வேற ஓலையோட ஒப்பிட்டுப் பாத்து, சரிதான்னு தீர்ப்பு. உங்க வீடு எங்கன்னு கேட்டா கெழவர் விறுவிறுன்னு அருட்டுறை கோயிலுக்குள்ள போயி மறைஞ்சிட்டாரு. அப்புறம் என்னப் பாடுன்னு சொல்ல, என்னன்னு பாடுறதுன்னு இவர் முழிக்க, "நீ என்னப் பித்தன்னுதான திட்டுன, அதையே பாடு"ன்னாராம். அதான் பித்தா பிறைசூடி. திட்டுன வார்த்தையே முதல் வார்த்தை. சண்டை போட்டதுக்கு வன்தொண்டன்னு பட்டம் வேற.

எனக்கு அதவிடப் புடிச்சது அடுத்து வர்ற சின்ன சீன். அதுக்கப்புறம் ஒரு நாள் ராத்திரி திருவதிகைக்கு வெளிய சித்தவட மடத்துல சுந்தரர் படுத்துத் தூங்குறாரு. ஒரு கெழவர் பக்கத்துல படுத்துக்கிட்டு இவர் தலை மேல கால நீட்டுறாரு. ஐயா கால் படுதேன்றாரு, வயசாச்சு திசை தெரியலப்பான்றாரு. இவர் எந்திரிச்சு தலைய வேற பக்கம் வச்சுப் படுக்குறாரு. அங்கயும் கால் வருது. மறுபடி மாத்துறாரு, மறுபடி வருது. கடுப்பாகி நீ யாருய்யான்னு கேட்டா "என்னைத் தெரியலையா"ன்னுட்டு ஆள் காணோம்.

இதுல வெரட்டுறதும் இருக்கு, வெளையாட்டும் இருக்கு. அது ரெண்டையும் பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல.

#6 கேள்விக்குறி | செவ்வாய், மதியம் 1.40

வெண்ணெய்நல்லூர் சார், கதை செம. ஆனா கல்யாணம் நின்னு போச்சே, பந்தல்ல உக்காந்திருந்த அந்தப் பொண்ணு என்ன ஆச்சு? அத யாரும் கேக்க மாட்டேங்குறீங்க. அப்புறம் அதே ஊர்ப்பக்கம் அப்பருக்கு வயித்துவலி குடுத்துதான கூட்டிட்டு வந்தாங்க? சூலை நோய் குடுத்துக் கூப்பிடுறது எந்த ஊர் பாசம்?

#7 வெண்ணெய்நல்லூரான் | செவ்வாய், மதியம் 2.22

அந்தப் பொண்ணு விஷயம் நியாயமான கேள்வி. எனக்கு பதில் இல்ல, மழுப்ப விரும்பல.

அப்பர் விஷயத்துல நோவ விட எனக்கு அக்காதான் பெருசு. மருள்நீக்கியாரா பொறந்து, சமணத்துக்குப் போயி தருமசேனர்னு பெரிய ஆளா ஆயிட்டாரு. இங்க திலகவதியார் திருவதிகைல கோயில் வாசல் பெருக்கிக்கிட்டு, கோலம் போட்டுக்கிட்டு, தம்பி வருவான்னு இருக்காங்க. வலி தாங்காம ராத்திரியோட ராத்திரியா, யாருக்கும் தெரியாம அக்கா வாசலுக்கு வர்றாரு. ஏன்டா போனன்னு அவங்க கேக்கல. திருநீற எடுத்துக் குடுத்து கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க. வலி குடுத்தது சிவன்னா, நான் சிவன்கிட்ட சண்டை போடுவேன். ஆனா அந்த அக்கா கதவத் தொறந்து வச்சிருந்தாங்களே, அதுல நான் யாரப் பாக்குறேன்னா... உப்பளக்காத்துக்கு செருப்புல தெரிஞ்ச ஆளத்தான்.

#8 காயல்காரன் | செவ்வாய், மாலை 6.48

எங்கள்ல யூனுஸ் நபி. கோவிச்சுக்கிட்டு ஊர விட்டுப் போயி மீன் வயித்துல மாட்டுனவங்க. அங்க இருந்து அவங்க ஓதுன துஆவ, அதான் வேண்டுதல, எங்க உம்மாவோட உம்மா எதுக்கெடுத்தாலும் ஓதுவாங்க, கரண்டு போனாக்கூட. நான் அநியாயக்காரங்கள்ல ஒருத்தனா ஆயிட்டேன்னு அர்த்தம் வரும். பிடரி நரம்ப விடக் கிட்ட இருக்கேன்னும் குர்ஆன்ல இருக்கு, அவ்வளவு கிட்டக்க இருக்கிறவன்கிட்ட ஒளிஞ்சு என்ன செய்ய.

சிசிடிவி தூரத்துலல்ல இருக்கும். அவ்வளவுதான், வேலைக்குப் போறேன்.

#9 ஆசீர்வாத ஊற்று | செவ்வாய், இரவு 8.10

[நெறியாளரால் நீக்கப்பட்டது. காணிக்கை அனுப்ப ஜிபே நம்பர், "ஒரே இரவில் கடன் விடுதலை" வீடியோ லிங்க் எல்லாம் இங்க போட வேண்டாம். அடுத்த தடவ ஐடி முடக்கப்படும்.]

#10 பூசைக்கு லேட்டு | செவ்வாய், இரவு 9.37

ஐயோ அந்த டேங்குக்குப் பின்னாடி உக்காந்தது அப்படியே நான்தான். நாங்க கத்தோலிக்கம், வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடந்து போற குடும்பம். ஆறு வருஷமா பாவசங்கீர்த்தனம் பண்ணல, அதான் ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்குறது. போன தவக்காலத்துல எங்க பங்குக் கோயில்ல வேண்டாம்னு ரெண்டு பஸ் மாறி வேற ஊர் கோயிலுக்குப் போனேன், அங்க ஃபாதருக்கு என்னத் தெரியாதுல்ல. கூண்டுகிட்ட போயி முட்டி போட்டதும் எனக்கே தெரியாம குரல மாத்திப் பேசுறேன்! தொண்ட கட்டுன மாதிரி. முன்னப்பின்ன தெரியாத ஃபாதர்கிட்ட எதுக்குக் குரல மாத்துறேன்னு பாதியில சிரிப்பு வந்து, எந்திரிச்சு வந்துட்டேன். நான் குரல மாத்துனது ஃபாதருக்காக இல்லன்னு பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது.

புனித அகுஸ்தினார் கதை தெரியும்தானே. அம்மா மோனிக்கம்மா தினம் அழுது வேண்டுறாங்க, மகன் பிடி குடுக்கல. 383ல கார்த்தேஜ்ல இருந்து ரோமுக்கு ஓடுறாரு. அம்மா விடாம கடற்கரை வரைக்கும் வந்துட்டாங்க. ஃப்ரெண்ட வழியனுப்பத்தான் வந்தேன், நீங்க அந்த சிப்ரியான் கோயில்ல ராத்திரி தங்குங்கன்னு பச்சைப் பொய் சொல்லிட்டு ராவோட ராவா கப்பல் ஏறிட்டாரு. அம்மா காலைல வந்து பாத்தா கடல்தான் இருக்கு. இத அவரே பின்னாடி எழுதி வச்சிருக்காரு. அப்புறம் அம்மாவும் கடல் தாண்டி மிலான் வரைக்கும் போயிட்டாங்க, 386ல மனசு திரும்புறாரு, 387ல ஞானஸ்நானம், அதே வருஷம் அம்மா இறந்துட்டாங்க.

மோனிக்கம்மா போனது எனக்குப் புரியுது. ஆனா கேள்விக்குறி சொல்றதும் புரியுது, எங்கம்மா என்னோட போன நோண்டுனா எனக்கு கொலவெறி வரும். ஒரே அம்மாதான், ஒரு நாள் தேடுறது அன்பாவும் மறுநாள் தொல்லையாவும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தியாசம், கண்டுபுடிச்ச அப்புறம் என்ன பண்றாங்கங்கிறதுதான்.

#11 கேள்விக்குறி | செவ்வாய், இரவு 10.55

அக்கா அந்த கடைசி வரி நல்ல பாயிண்டு. ஒத்துக்குறேன்.

சரி நானும் ஒண்ணு சொல்றேன். எங்க வீடும் ஒரு சபைக்குப் போன வீடுதான், எந்த சபைன்னு வேண்டாம். ப்ளஸ் டூல ஃபெயில் ஆனேன், அப்ப ஒரு மாசம் போகல. கடவுள் தேடுனா பரவால்ல, எங்கள கமிட்டி தேடிச்சு. நாலு பேரு சோஃபால உக்காந்துக்கிட்டு, ஏன் வரல, யாரோட சுத்துற, எந்தப் பாவத்துனால பரீட்சை போச்சுன்னு. எங்கப்பா பக்கத்துல தலைய குனிஞ்சு உக்காந்திருந்தாரு. அவங்களும் விடாமத்தான் வந்தாங்க, மூணு வாரம். அன்பாலதான் வர்றோம்னு வாயால வேற சொன்னாங்க. அதனாலதான் "விடாத அன்பு"ன்னு கேட்டாலே எனக்கு அந்த சோஃபா ஞாபகம் வருது.

#12 பாதியில நின்னவன் | புதன், காலை 6.40

இத வாசிச்சிட்டு நேத்து ராத்திரி பதில் எழுதி எழுதி அழிச்சேன். நான் ஏன் பாதியில நின்னேன்ங்கிறதுக்கும் அப்படி ஒரு சோஃபா இருக்கு, விடுங்க.

நீங்க யோபு சொன்னீங்க, சரி. எனக்கு யோனா, காயல்காரன் சொன்ன அதே யூனுஸ். எல்லாரும் மீனப் புடிச்சுக்கிட்டு விட்டுர்றாங்க, அவன் ஏன் ஓடுனான்னு நாலாவது அதிகாரத்துல அவனே சொல்றத விட்டுர்றாங்க. நினிவேக்குப் போன்னு கடவுள் அனுப்புறாரு, அது இன்னைக்கு ஈராக்ல மோசூல் பக்கம், கிழக்க. இவன் யோப்பாவுல கூலி குடுத்து மேற்க தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுறான். ஒளியிறதுக்கு டிக்கெட் காசு கைய விட்டுப் போகுது பாருங்க. எபிரேயத்துல ஒரே சொல்ல திரும்பத் திரும்ப போடுவாங்க, எறங்குனான், யோப்பாவுக்கு எறங்குனான், கப்பலுக்குள்ள எறங்குனான், அடித்தட்டுக்கு எறங்கிப் போயி தூங்குனான். காரணம் பயம் இல்ல. நீ இரக்கமுள்ளவன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் ஓடுனேன்றான் மூஞ்சிக்கு நேரா. அவனுக்குப் புடிக்காத ஊர்க்காரன மன்னிச்சிருவாருன்னு கோவம். அதாவது அவரோட கோவத்துக்கு ஒளியல, அன்புக்கு ஒளிஞ்சான். உங்க சோஃபால உக்காந்த நாலு பேரும் எனக்கு யோனா மாதிரிதான் தெரியுறாங்க, தேடி வந்தவர் மாதிரி தெரியல.

தேடிக் கண்டுபுடிச்சா என்ன பண்ணுவாருன்னு அக்கா கேட்டாங்கள்ல. எலியா தீர்க்கதரிசி செத்துப்போறேன்னு சூரைச்செடிக்குக் கீழ படுத்துட்டான். தூதன் தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்றான், தணல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணி. தின்னுட்டு திரும்பப் படுத்துட்டான், ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது தடவையும் சாப்பாடுதான். இங்க உனக்கு என்ன வேலைங்கிற கேள்வி நாப்பது நாள் கழிச்சுத்தான் வருது.

அப்புறம் இயேசுவோட சீஷன் பேதுரு. மூணு தடவ அவரத் தெரியாதுன்னு சொன்னது கரிநெருப்புகிட்ட நின்னு குளிர் காஞ்சுக்கிட்டு. யோவான் 21ல கரைல அவருக்காக இன்னொரு கரிநெருப்பு, மேல மீன். புதிய ஏற்பாட்டுலயே கரிநெருப்புங்கிற அந்த கிரேக்கச் சொல் அந்த ரெண்டு எடத்துலதான் வருது. மொதல்ல சாப்பிட வாங்கன்றாரு. சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் கேள்வி, அதுவும் ஏன் அப்படிச் சொன்னன்னு இல்ல, என்ன நேசிக்கிறியான்னு. மூணு தடவ. மூணாவது தடவ பேதுரு துக்கப்பட்டான்னு எழுதிருக்கு, வலிக்கத்தான் செஞ்சிருக்கு. ஆனா அந்த நெருப்புப் பக்கத்துல நாலு பேரு சோஃபா போட்டு உக்காரல.

#13 ரெண்டாம் ஷிப்ட் | வியாழன், அதிகாலை 1.03

ட்ரக் ஓட்டுறேன், ஓசூர்ல நிக்கிறேன். கமெண்ட் போடுற ஆள் இல்ல. உப்பளக்காத்து அண்ணே நீங்க போயி பேசுனீங்களா இல்லையா அத மட்டும் சொல்லுங்க.

#14 உப்பளக்காத்து | ஞாயிறு, இரவு 10.18

மன்னிக்கணும், இத்தனை பேரு எழுதுனதுக்கு ஒரு பதில்கூட போடல. எல்லாத்தையும் வாசிச்சேன். அந்த "எறங்குனான் எறங்குனான்"ங்கிறத வாசிச்சப்ப நான் மாடி மேல ஏறிப் போயி ஒளிஞ்சத நெனச்சு சிரிச்சிட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு மேல குருமனைக்குப் போனேன். கேட்டுக்கு வெளிய அரைமணி நேரம் நின்னேன், ரெண்டு தடவ பைக்க ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுனேன். அவங்க வீட்டு நாய் கொலச்சு ஐயரே வெளிய வந்துட்டாவ. கைலி, பனியன். என்னயப் பாத்துட்டு "செருப்ப உள்ள போட்டுட்டு வா தம்பி, இந்த சனியன் தூக்கிட்டுப் போயிரும்"னாவ. செருப்புன்னதும் எனக்கு அங்கயே தொண்ட அடைச்சிருச்சு.

எல்லாத்தையும் சொன்னேன். 18,000, டியூ, பில்லு. சொல்லி முடிச்சு நிமிந்து பாத்தா ஐயர் மூஞ்சில ஆச்சரியமே இல்ல. தெரியுமாய்யான்னு கேட்டேன். "அசனத்துக்கு விறகு பூரா அந்த வருசம் ஒருத்தர் நேர்ச்சையா இறக்கிப் போட்டது தம்பி, பேர் வேண்டாம்னு எங்கிட்ட மட்டும் சொல்லிக் குடுத்தாரு. உன் கணக்குல விறகுக்கு பில்லு இருந்துச்சு"ன்னாவ.

ஒரு வருசமா தெரியும். கைதட்டும்போதும் தெரியும். நான் டேங்குக்குப் பின்னால பல்லியோட உக்காந்திருந்தப்பவும் தெரியும்.

நெசத்தச் சொல்லணும்னா எனக்கு மொதல்ல வந்தது கோவம். ஏன் அன்னைக்கே கேக்கல, ஒரு வருசம் நான் செத்துச் செத்துப் பொழைச்சேனேன்னு கேட்டேன், சத்தமாவே கேட்டுட்டேன். ஐயர் கொஞ்ச நேரம் பேசல. "நாலு தடவ வீட்டுக்கு வந்தேன் தம்பி. நாலு தடவையும் உன் பைக் நின்னுச்சு, நீ இல்ல. உங்க அம்மா முன்னால வச்சு என்னத்தக் கேக்க"ன்னாவ. நாலு தடவ வந்தது எனக்குத் தெரியாது, அம்மா ரெண்டு தடவைதான் சொன்னாவ.

அதுக்காக தட்டிக் குடுத்து அனுப்பிரல. சபைய நடத்துற சேகரக் கமிட்டில சொல்லணும், நீதான் சொல்லணும், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்னுட்டாவ. அது எனக்கு டேங்க விட பயமா இருக்கு. அப்புறம் உள்ள கூப்பிட்டு தோசை போட்டுத் தந்தாவ அவங்க வீட்டம்மா. பாதியில நின்னவன் எழுதுனது ஞாபகம் வந்து மூணாவது தோசைல கண்ணு கலங்கிருச்சு, காரம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

#15 கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 11.02

ஒரு வருஷம் தெரிஞ்சும் சும்மா இருந்தாரா... எனக்கு இது இன்னும் கொஞ்சம் அன்ஈஸியாத்தான் இருக்கு ப்ரோ. கேட்டுத் திட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல. ஆனா எங்க வீட்டு சோஃபால உக்காந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசுனாங்க. இவருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி காப்பி குடிச்சிட்டுப் போயிருக்காரு. கடவுள் இருக்காரா இல்லையான்னு நான் மாத்திக்கல, ஆனா அப்படி ஒருத்தர் இருந்தா இந்த மாதிரி இருக்கட்டும்.

#16 பூசைக்கு லேட்டு | திங்கள், காலை 8.20

வர்ற சனிக்கிழமை எங்க பங்குக்கே போகப் போறேன். எங்க ஃபாதருக்கு என் குரல் நல்லாத் தெரியும். வேண்டிக்கோங்க, கேள்விக்குறி நீங்க வேண்ட வேணாம், சும்மா நெனச்சுக்கோங்க.

#17 வெண்ணெய்நல்லூரான் | திங்கள், காலை 11.45

"உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே"ன்னு அந்த முதல் பாட்டு முடியும். உன் ஆள் இல்லன்னு இனி சொல்ல முடியுமான்னு. ஓலையக் கிழிச்ச கை இன்னும் ஆறல, அதுக்குள்ள இப்படிப் பாடுறாரு. தோசை சாப்பிட்ட தம்பிக்கு என் வணக்கம்.

#18 உப்பளக்காத்து | மூணு வாரம் கழிச்சு, புதன், இரவு 9.50

கமிட்டி முடிஞ்சுது. நாலு பேரு ஒண்ணும் பேசல, ஒரு பெரியவரு எந்திரிச்சு நல்லா வாங்கிவிட்டாரு, வாங்க வேண்டியதுதான். பொருளாளர்ல இருந்து எடுத்தாச்சு. மாசம் 3,000 வச்சு ஆறு மாசத்துல கட்டணும், மொத மாசம் கட்டி ரசீது வாங்கிட்டேன். ஐயர் சொன்ன மாதிரியே பக்கத்துல உக்காந்திருந்தாவ, ஒரு வார்த்தை எனக்காகப் பேசல, எந்திரிச்சும் போகல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனேன், கடைசி பெஞ்சு. சிலபேரு பேசுறாவ, சிலபேரு பேசல. அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு, ரெண்டு நாள் எங்கிட்ட பேசாம இருந்துட்டு மூணாவது நாள் மீன்குழம்பு வச்சாவ.

இந்த வருச அசனத்துக்கு விறகு இறக்குற வேலை எனக்குப் போட்ருக்காவ. யார் போட்டான்னு கேக்காதீங்க.

#19 ரெண்டாம் ஷிப்ட் | புதன், இரவு 11.30

😂😂 சந்தோசம்ணே.

#20 கேள்விக்குறி | வியாழன், காலை 7.12

புது செருப்பு வாங்குனீங்களா இல்லையா?

#21 உப்பளக்காத்து | வியாழன், காலை 7.40

3,000 கட்டுனா செருப்புக்கு எங்க போக. அதே ஊக்குதான்.